நாலு நாற்பது பஸ்ஸும் நனைந்த பாவும்

செவிலிமேட்டுக்கு டவுன் பஸ் விட ஒப்புக்கொண்ட கம்பெனி, சாயங்காலம் ஒரே ஒரு நடைதான் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. அது எத்தனை மணிக்கு என்பதை ஊரார் கூடிப் பேசி மனுவில் எழுதிக் கொடுக்க வேண்டும். முதல் நாள் செக்கர் கூடவே வருவார். வண்டி சொன்ன நேரத்துக்கு ஆற்றங்கரை வரை போய்த் திரும்ப முடிந்தால் பஸ் நிலைக்கும். முடியாவிட்டால் டவுன் எல்லையோடு நின்றுவிடும்.

மனு எழுதும் வேலை சாந்திமதியிடம் வந்து சேர்ந்தது. காஞ்சிபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் நான்காம் வகுப்பு டீச்சர் அவள். கையெழுத்து அச்சுக் கோத்த மாதிரி இருக்கும். செவிலிமேட்டின் ஆற்றங்கரை ஓரத்தில் இருந்த இரண்டு சமண வீடுகளில் ஒன்று அவளுடையது.

அந்த வீட்டில் பொழுது சாய்ந்த பிறகு யாரும் எதுவும் உண்பதில்லை. சித்திரை வைகாசியில் அது பெரிய விஷயமில்லை. கார்த்திகை பிறந்துவிட்டால், பள்ளி விட்டு ஒரு மணி நேரம் நடந்து அவள் வீடு சேர்வதற்குள் சூரியன் போய்விடும். காலையில் சமைத்ததை மாலையில் உண்ண அவள் விரதம் இடம் தரவில்லை. ஆகவே பள்ளி மணி அடித்ததும் இரண்டு வாழைப்பழத்தை உரித்துத் தின்றுவிட்டு நடப்பாள். அடுத்த சாப்பாடு மறுநாள் காலையில்தான். போன வருஷம் மார்கழி முடிவதற்குள் வளையல்கள் முழங்கை வரை ஏறத் தொடங்கின. இந்தப் பஸ் நிலைக்காவிட்டால் பொங்கலோடு வேலையை விட்டுவிடுவது என்று அவளும் கணவர் ஜினதாஸும் பேசி முடித்திருந்தார்கள். அந்த வேலை அவளுக்கு உயிர்.

கூட்டம் ரேஷன் கடை வாசலில் நடந்தது. தன் வயிற்றுக்காக ஊர் பஸ்ஸின் நேரத்தைக் கேட்பதா என்று சாந்திமதிக்குக் கூச்சம். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு வெள்ளைத் தாளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். மற்றவர்களுக்கு அந்தக் கூச்சம் இல்லை.

"ஆறரைக்கு வுடச் சொல்லு" என்றார் புதுவீட்டுக்காரர் ஒருவர். டவுனில் கணக்குப்பிள்ளை வேலை அவருக்கு.

"ஆறரைக்கு இன்னாய்யா கிழியுது?" என்று எழுந்தாள் கங்கையம்மாள். தெலுங்கு பேசும் நெசவாளர் தெருவில் அவள் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. "வெளிச்சம் இருக்கறப்போதான் முதலாளி பொடவையப் பிரிச்சிப் பாப்பாரு. வெளக்கு வெளிச்சத்துல அரக்கு எது, குங்குமக்கலர் எதுன்னு தெரியுமா? நாலு மணிக்கெல்லாம் கணக்கு முடிஞ்சிடும். அப்புறம் ஆறரை வரிக்கும் நான் டவுன்ல இன்னா பண்றது, சர்க்கஸ் பாக்கறதா?"

ஆற்றங்கரை விவசாயி ஆதிகேசவனுக்கோ திரும்பிப் போகிற வண்டியில் பால் கேன் ஏற்ற வேண்டும். ஆறரை என்றால் டவுன்காரர்கள் காபி குடித்து முடித்திருப்பார்கள். டவுனில் தையல் கடை வைத்திருந்த தஸ்தகீர் பாய்க்கு நோன்பு மாதம்; பொழுது சாய்ந்து நோன்பு திறக்கிற மக்ரிப் தொழுகைக்குள் வீட்டில் இருந்தாக வேண்டும். பெண்கள் பக்கத்திலிருந்து, விளக்கு வைக்கிற நேரத்தில் வீட்டில் இல்லாமல் பஸ்ஸுக்குள் நிற்பதா என்று பல குரல்கள் எழுந்தன.

சாந்திமதி நிமிர்ந்து பார்த்தாள். ஊரில் தன் வீடு மட்டும்தான் சூரியனைப் பார்த்து ஓடுகிறது என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

"நாலு நாப்பதுன்னு எழுதட்டுமா?" என்றாள் மெதுவாக.

"எழுது டீச்சர், எழுது. கைநாட்டு நான்தான் மொதல்ல வெப்பேன்" என்றாள் கங்கையம்மாள்.

முதல் பஸ் வருவதற்கு முந்தைய மூன்று நாளும் விடாத தூறல். நான்காம் நாள், பஸ் வரும் நாள், உச்சிப் பொழுதில் வெயில் பளிச்சென்று அடித்தது. சாந்திமதி அன்று பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்துக்கொண்டே ஜன்னலைப் பத்து முறை பார்த்தாள்.

நாலு நாற்பதுக்கு வண்டி கிளம்பியது. முன்னிருக்கையில் செக்கர் மாணிக்கவாசகம் கைக்கடிகாரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வண்டியில் சாந்திமதியையும் சேர்த்துப் பதினாறு பேர். பாதிப் பேருக்கு டவுனில் வேலையே இல்லை. முதல் பஸ்ஸில் ஊருக்குள் வர வேண்டும் என்பதற்காக மதியமே நடந்து வந்தவர்கள்.

"டீச்சரம்மா, இன்னிக்கு சூடா சாப்பாடு" என்று சிரித்தார் தஸ்தகீர் பாய். "நீங்க கை கழுவற நேரத்துல நான் கை நனைப்பேன்."

"உங்களுக்குப் பொழுது சீக்கிரம் போவணும், எனக்கு மெதுவா போவணும். சூரியன் யார் பேச்சைக் கேக்கும் பாய்?"

"அது பொதுவா நடந்துக்கும்மா, கவலைப்படாதீங்க."

ஐந்து மணிக்கு நெசவாளர் தெருவில் திரும்பிய வண்டி, கிறீச்சென்று நின்றது.

தெரு நடுவே, இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு, மூன்று புடவை நெய்யத் தறியில் ஏற்ற வேண்டிய பட்டுப் பாவு விரிந்து கிடந்தது. பெருக்கல் குறிபோல் கட்டிய மூங்கில் கால்களின்மேல் ஆயிரக்கணக்கான இழைகள், கஞ்சியில் நனைந்து, மாம்பழ நிறத்தில் வெயிலை வாங்கிக்கொண்டிருந்தன. ஆற்றங்கரைக்கு வண்டி போக வேறு வழி கிடையாது.

செக்கர் குதித்து இறங்கினார். "யார்மா இது, தெருவுல நூல் கட்டினது?"

"நூலு இல்ல சார், பட்டு" என்று கஞ்சிக் கையோடு ஓடி வந்தாள் கங்கையம்மாள். "மூணு நாளா மழை. இன்னிக்குதான் வெயிலு. நாலு மணிக்குக் காஞ்சிடும்னு போட்டோம். காயல."

"பஸ் வர்ற டைம் உங்களுக்குத் தெரியாதா?"

"நல்லா தெரியும் சார். நாந்தான் கைநாட்டு வெச்சேன். ஆனா பஸ்ஸு சொன்ன டைமுக்கு வந்து நிக்கும்னு யாருக்கு சார் தெரியும்?"

வண்டிக்குள் சிரிப்பு வெடித்தது. செக்கர் சிரிக்கவில்லை. "அஞ்சேகாலுக்கு நான் ஆத்தங்கரையில திரும்பணும். இல்லேன்னா வழி இல்லைன்னு எழுதிட்டுப் போயிக்கினே இருப்பேன்."

சாந்திமதி கீழே இறங்கினாள். சூரியன் பனைமரத் தலைகளுக்கு மேலே ஒரு முழம் இருந்தது. இங்கிருந்து நடந்தால் வீடு பத்து நிமிஷம். இன்றைய சாப்பாடு தப்பாது. நாளைக்கு? அடுத்த வாரம்? 'வழி இல்லை' என்ற இரண்டு வார்த்தையை அந்த மனிதர் எழுதிவிட்டால் பள்ளிக்கூடமும் அதோடு போய்விடும்.

"இதை அப்படியே ஓரமா நகர்த்த முடியாதா கங்கையம்மா?"

"ஈரப் பாவும்மா. ஒரு பக்கம் தொய்ஞ்சா பின்னிக்கும். ஒரு பக்கம் இழுத்தா அறுந்துபூடும். எல்லாக் காலும் ஒண்ணா எழும்பணும், ஒண்ணா எறங்கணும். பதினோரு ஜோடி காலு இருக்குது, ஜோடிக்கு ரெண்டு பேரு. முனைக்கு ரெண்டு ரெண்டு பேரு வேற. எங்க வூட்டு ஆளுங்க எட்டு பேருதான்."

"இருபத்தாறு பேர் வேணும்" என்று டீச்சர் கணக்குப் போட்டாள். பிறகு பஸ்ஸைத் திரும்பிப் பார்த்தாள். கங்கையம்மாளும் பார்த்தாள்.

"எறங்குங்கப்பா!" என்று அவள் போட்ட சத்தத்தில் வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது.

தையல்காரர், அரை நாள் லீவு போட்டிருந்த கணக்குப்பிள்ளை, கண்டக்டர், கீரைக்காரிகள், வேடிக்கைக்கு வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு மூங்கில் முன் போய் நின்றார்கள். பால் கேன்களை ஆற்றங்கரையில் வைத்துவிட்டு, பஸ்ஸைக் காணோமே என்று சைக்கிளில் வந்த ஆதிகேசவன் அதை ஓரமாகச் சாய்த்தார். பெருமாள் கோயிலில் வாகனம் தூக்குகிறவர் அவர். "பெருமாளையே தூக்கற தோளு. பட்டு ஒரு கனமா? நான் சொல்ற சத்தத்துக்கு அடி வைங்க" என்று நடுவில் வந்து நின்றார்.

இன்னும் இரண்டு இடம் காலியாக இருந்தது. சாந்திமதி ஒன்றில் போய் நின்றாள்.

"நீ வேணாம்மா" என்றாள் கங்கையம்மாள். "பட்டு தொடமாட்டியே."

புழுவைக் கொதிக்க வைத்து எடுக்கிற நூல் என்று சாந்திமதி பட்டுக் கட்டுவதில்லை. கல்யாணத்துக்கே பருத்திதான். காஞ்சிபுரத்தில் இருந்துக்கினு பட்டு கட்டாத பொம்பள என்று கங்கையம்மாள் பார்க்கும்போதெல்லாம் சீண்டுவாள். இன்றைக்குக் குரலில் சீண்டல் இல்லை.

"மூங்கில் எந்தப் புழுவையும் கொல்லலையே. நான் காலை மட்டும் புடிச்சிக்கறேன். நூல் உன் பொறுப்பு."

மிச்சம் ஒரே இடம். எல்லாரும் செக்கரைப் பார்த்தார்கள்.

"நானா? நான் டூட்டில இருக்கேன்பா."

"வாட்ச்சை டிரைவராண்ட குடு சார்" என்றது கூட்டத்தில் ஒரு குரல். "டூட்டி அவர் பாத்துக்குவாரு."

மாணிக்கவாசகம் ஒரு நொடி யோசித்தார். பிறகு கடிகாரத்தை ஜன்னல் வழியாக நீட்டிவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு சாந்திமதிக்கு எதிரே வந்து நின்றார்.

"ஏய்ய்... தூக்கு!" என்றார் ஆதிகேசவன்.

இருபத்தாறு ஜோடிக் கைகள் எழும்பின. மாம்பழ நிறப் பாவு ஒரு சாண் உயர்ந்து காற்றில் லேசாக விம்மியது. "ஓர் அடி... நில்லு. ஓர் அடி... நில்லு." கங்கையம்மாள் இழைகளைத் தடவியபடி கூடவே ஓடினாள். "மெல்லகா, மெல்லகா! பாய், தாழ்த்தாதீங்க! கணக்குப்பிள்ள, மூச்சு விடுய்யா, செத்துறப் போற!" நோன்பில் நாக்கு வறண்டிருந்த பாய் சிரிக்கவும் முடியாமல் நிறுத்தவும் முடியாமல் தோள் குலுங்க, "சிரிக்க வெக்காதம்மா, பாவு ஆடுது" என்றார்.

ஏழு அடி. பாவு தெருவின் ஓரத்துக்கு வந்து அசையாமல் இறங்கியது. மூன்று இழை அறுந்திருந்தது. சாந்திமதி பார்த்து முடிப்பதற்குள் கங்கையம்மாளின் விரல்கள் அவற்றை முடிந்துவிட்டன.

கண்டக்டர் முன்னால் நடக்க, வண்டி ஊர்ந்தது. பாவுக்கும் சக்கரத்துக்கும் ஒரு கையளவு இடம். புது மாட்டைத் தொழுவத்துக்கு அழைத்துப் போகிறவளைப் போல் கங்கையம்மாள் பஸ்ஸின் விலாவில் கை வைத்தபடி நடந்தாள். தெரு முனையில் எல்லாரும் மறுபடி ஏறிக்கொண்டார்கள். ஐந்து நிமிஷத்தில் நடந்து போகிறவர்களும் ஏறினார்கள்.

ஆற்றங்கரையில் டிரைவர் கடிகாரத்தைத் தூக்கிக் காட்டினார். ஐந்து பதின்மூன்று.

மாணிக்கவாசகம் தாளை முழங்காலில் வைத்து எழுதினார். விரலில் இருந்த கஞ்சியில் தாள் ஒட்டிக்கொண்டது. "பாதை: சரி" என்று அவர் எழுதியதைத் தோள்களுக்கு மேலே எட்டிப் பார்த்தவர்கள் உரக்கப் படித்தார்கள். ஆதிகேசவனின் பால் கேன்கள் ஏறின.

"நாளைக்கும் இந்தக் கூத்து இருக்குமாம்மா?" என்று கேட்டார் செக்கர்.

"நாளைலேந்து பாவு விடியக்காலைல சார். நீங்க இப்படி டைமுக்கு வந்தா நாங்க இன்னா பண்றது?" என்றாள் கங்கையம்மாள்.

சாந்திமதி வீட்டுக்குள் போனபோது ஜினதாஸ் சோறு வடித்து, இலை போட்டு, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் கரண்டியை எடுத்தார். விரலிடுக்கில் காய்ந்த கஞ்சியைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். மேற்கு ஜன்னலின் வெயில் இலைமேல் விழுந்திருந்தது. அவரைக்காய்க் கூட்டு, ரசம், ஆவி பறக்கும் சோறு. எதிர்க் கரை வரை ஆற்று மணல் பொன்னாகக் கிடந்தது.

"எழுந்திருக்கறியா, மோர் ஊத்தட்டுமா?" என்றார் ஜினதாஸ்.

அவள் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னொரு கரண்டி சோறு போடுங்க. வெயில் இன்னும் இருக்குது."