கண்ணாடிக் கூண்டில் ஒரு குளிர்ப்பெட்டி

என் வீட்டுக்காரர் ஒரு கம்பெனியின் நிர்வாக இயக்குநர். அவரும் அவர் செய்த ஒரு பெட்டியும்தான் மொத்தக் கம்பெனியும். இரண்டு பேரில் பெட்டிக்குத்தான் மரியாதை அதிகம். அதற்கு ஏசி அறை, கண்ணாடிக் கூண்டு, தலைக்கு மேல் விளக்கு. இவருக்கு மாடிப்படிக்குக் கீழே ஒரு மேஜை. "என் பையன் எம்.டி. ஆயிட்டான்" என்று மாமியார் சொந்தக்காரர்களிடம் சொல்லும்போது நான் அடுப்பைப் பார்க்கிற சாக்கில் உள்ளே போய்விடுவேன்.

பெட்டி பிறந்தது என் சமையலறையில். நான் ஒரு சின்ன அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸ். அங்கே கரண்ட் வருவதும் போவதும் அதன் இஷ்டம். போனால் ஃப்ரிட்ஜில் இருக்கும் தடுப்பூசி மருந்து சூடேறிக் கெட்டுவிடும். கெட்டதைக் குழந்தைகளுக்குப் போட முடியாது, குப்பையில்தான் போட வேண்டும். ஒருநாள் வீட்டுக்கு வந்து கத்தித் தீர்த்தேன். இவர் பல்கலைக்கழகத்தில் இயந்திரவியல் பாடம் நடத்துகிறவர். மறுநாள் முதல் என் பாத்திரங்களையெல்லாம் ஓரம்கட்டிவிட்டுத் தட்ட ஆரம்பித்தார். ஒரு ராத்திரி பிளக்கில் வைத்தால் போதும், பிறகு இரண்டு நாள் கரண்டே இல்லாமல் அதே குளிரில் நிற்கும் பெட்டி ஒன்று கடைசியில் வந்தது. அன்றைக்கு நான் இவரைக் கட்டிக்கொண்டது சரியான முடிவுதான் என்று தோன்றியது.

அந்தச் சந்தோஷம் பல்கலைக்கழகத்துக்கு விஷயம் தெரியும் வரைக்கும்தான். அங்கே தொழில்முனைவோர் மையம் என்று புதிதாக ஒரு கட்டடம் திறந்திருந்தார்கள். கட்டடம் இருந்தது, உள்ளே வைக்கத்தான் ஒன்றும் இல்லை. மையத்தின் இயக்குநரை நாங்கள் வீட்டில் 'ரிப்பன்' என்போம், வெட்டுவதற்கு ஒரு ரிப்பன் கிடைத்தால் மனிதர் சோறு தண்ணி கேட்கமாட்டார். "மக்களிடம் கொண்டுபோகிறோம்" என்று மேடையில் அறிவித்து, இவரைப் பெயருக்கு எம்.டி. ஆக்கி ஒரு கம்பெனியும் பதிவு செய்துவிட்டு, பெட்டியைக் கொண்டுபோய்க் கூண்டில் பூட்டினார்.

"மக்கள்கிட்ட எப்பங்க போகும்?" என்று இவரிடம் கேட்பேன்.

"தொழில்நுட்பப் பரிமாற்றம் நடந்துக்கிட்டு இருக்கு."

நடந்துகொண்டுதான் இருந்தது. விலை நிர்ணயிக்க ஒரு குழு போட்டார்கள். குறைந்த விலை வைத்தால் பல்கலைக்கழகத்துக்குக் கௌரவக் குறைச்சல், அதிக விலை வைத்தால் வாங்க ஆள் இல்லை என்று கண்டுபிடித்த குழு, பிஸ்கட் சாப்பிட்டுக் கலைந்தது. ஃப்ரிட்ஜ் மெக்கானிக் ஒருவர், "டிசைனைக் கொடுங்க, என் பட்டறையில செஞ்சு தரேன்" என்று தேடி வந்தார். அவரிடம் ஐந்து வருடத் திட்ட அறிக்கையை வண்ணப்படங்களோடு கேட்டார்கள். மனிதர் வந்த வழியே வண்டியைத் திருப்பிக்கொண்டார்.

"அதை விடுங்க, எனக்கு இன்னொன்னு செஞ்சு கொடுங்க" என்றேன்.

"முடியாது. பெட்டிக்கும் எனக்கும் இனிமே சம்பந்தம் இல்லேன்னு எழுதி வாங்கிட்டாங்க. நானே செஞ்சாலும் திருட்டுக் கணக்குதான்."

தன் மூளையிலிருந்து தானே திருட முடியும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

போன மாதம் மறுபடியும் மருந்து கெட்டது. வந்த தாய்மார்களையெல்லாம் திருப்பி அனுப்பினேன். இரண்டு பஸ் மாறி வந்திருந்த ஒருத்தி, "பரவால்ல சிஸ்டர்" என்று சிரித்துவிட்டுப் போனாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

இந்த மாதம், தடுப்பூசி நாளுக்கு முதல்நாள் காலையில் டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தது. சரிசெய்ய இரண்டு நாளாகும் என்றார்கள். பெரிய ஆஸ்பத்திரியும் அதே லைன்தான். என்னிடம் இருந்தது ஐஸ் கட்டி வைத்த கைப்பெட்டி, அது சாயங்காலம் வரை தாங்கினால் அதிகம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெட்டி மருந்திடம் வராவிட்டால் போகட்டும், மருந்து பெட்டியிடம் போகட்டும் என்று ஆட்டோ பிடித்தேன்.

மையத்தில் அன்றைக்கென்று பார்த்து, அதற்குப் பணம் கொடுக்கிற அமைப்பிலிருந்து விருந்தாளிகள். ரிப்பன் அவர்களுக்குக் கூண்டைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தார், என் வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றிருந்தார். நான் விடுவிடுவென்று போய்ப் பெட்டி மூடியைத் தூக்கினேன். உள்ளே விருந்தாளிகளுக்கான ஜூஸ் பாட்டில்கள், வரிசையாக, ஜில்லென்று. உயிரைக் கொடுத்து இவர் செய்த பெட்டி இத்தனை நாளும் யாருக்கு உழைத்தது என்று அப்போதுதான் பார்த்தேன்.

பாட்டில்களை எடுத்து ரிப்பன் கையிலேயே கொடுத்தேன். உள்ளே துடைத்து, குளிரைப் பார்த்து, மருந்தை அடுக்கினேன். ரிப்பனின் முகம் சுருங்கியது. அதற்குள் விருந்தாளி ஒருவர் போட்டோ எடுக்க ஆரம்பித்துவிட்டார்.

"லைவ் டெமோ!" என்றார் ரிப்பன், ஜூஸ் பாட்டில்களை அணைத்தபடியே. "எங்க நர்ஸ்தான். ஸ்பெஷலா வரவழைச்சோம்."

விருந்தாளிகள் கைதட்டிவிட்டுப் போனார்கள். சாயங்காலம் ரிப்பன் சாவியோடு வந்தார்.

"பூட்டணும் சிஸ்டர். மருந்தை எடுத்துக்கோங்க."

"எடுக்க முடியாது சார். கைப்பெட்டியில ஐஸ் உருகிடுச்சு. வெளிய எடுத்தா கெட்டுடும்."

"அப்ப இங்கயே இருக்கட்டும்."

"நாளைக்குக் காலையில குழந்தைங்க அங்க வந்து நிப்பாங்க சார். பெட்டியோடதான் எடுத்துட்டுப் போகணும்."

"பெட்டி பல்கலைக்கழகச் சொத்து!"

"மருந்து அரசாங்கச் சொத்து. வெளிய எடுக்கச் சொன்னது நீங்கதான்னு ஒரு பேப்பர்ல எழுதி கையெழுத்துப் போட்டுக் கொடுங்க. எடுத்துடறேன்."

கையெழுத்து என்றதும் ரிப்பன் பதிவாளருக்கு போன் போட்டார். பதிவாளர் மீட்டிங்கில் இருந்தார், 'நீங்களே பார்த்துச் செய்யுங்கள்' என்று சொல்வதற்கு மட்டும் மீட்டிங்கிலிருந்து வெளியே வந்தார். ரிப்பன் என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார்.

"நீங்கதானே எம்.டி.? நீங்க போடுங்க சார்."

இந்த மனிதர் கேட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டே பழகியவர்.

"நான் எப்படி சார் போட முடியும்?" என்றார் இவர், ரொம்பப் பணிவாக. "பெட்டிக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லேன்னு நீங்கதானே எழுதி வாங்கினீங்க." சொல்லிவிட்டு, பிளக்கைப் பிடுங்கி வயரைச் சுற்ற ஆரம்பித்தார்.

ரிப்பன் தடுக்கவில்லை. தடுத்தால் அதற்கும் எங்கேயாவது கையெழுத்துப் போட வேண்டியிருக்கும் என்று பயந்திருப்பார். அவர் பூட்டிவிட்டுப் போனது வெறும் கூண்டை. பெட்டியின் ஒரு பக்கத்தை இவர் பிடிக்க, மறுபக்கத்தை நான் பிடிக்க, படியில் இறக்கி ஆட்டோவில் ஏற்றினோம்.

மறுநாள் கரண்ட் இல்லை. ஒரு குழந்தையைக்கூட நான் திருப்பி அனுப்பவில்லை. இவர் லீவு போட்டுவிட்டு வந்து வாசலிலேயே நின்றார். நான் ஒவ்வொரு முறை மூடியைத் திறந்து மருந்து எடுக்கும்போதும் எட்டிப் பார்த்தார். குழந்தைகள் வீறிட்டு அழுதுகொண்டிருந்தன, இவருக்கு மட்டும் வாயெல்லாம் பல். எனக்கு அவரைப் பார்க்கக் கண் கலங்கியது, சிரிப்பும் வந்தது.

ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போதே ரிப்பனிடமிருந்து இவருக்கு போன். இவர் அதை என்னிடம் நீட்டினார்.

"சிஸ்டர், அடுத்த வாரம் அமைச்சர் வராரு. கூண்டு காலியா இருக்கு. பெட்டி உடனே வேணும்."

"அமைச்சரை இங்கயே கூட்டிட்டு வாங்க சார்" என்றேன். "கரண்ட் இருக்கற நேரமாப் பார்த்து மட்டும் வந்துடாதீங்க."