பத்தாம் தேதி வரையா, பத்தாம் தேதிக்குள்ளா?

ஏப்ரல் இரண்டாம் தேதி காலை லத்தீபா லம்பா லைன் பகுதியில் இருக்கும் தன் பைக்கடைக்கு வந்தபோது, வரிசையில் மற்ற ஏழு கடைகளும் பூட்டிக் கிடந்தன. அவள் கடை ஷட்டரையும் தம்பி ஷமீர் இறக்கிக்கொண்டிருந்தான். அந்த ஊரில் அதுதான் பள்ளிக்கூடம் திறக்கும் வாரம். ஸ்கூல் பை விற்பதே அந்த வாரத்தில்தான்.

"ஏண்டா சாத்துற?"

"கடைக்காரங்க சங்கத்துல நோட்டீஸ் குடுத்துட்டாங்க லாத்தா. கூரை மாத்தப் போறாங்களாம். பத்தாம் தேதி வரைக்கும் கடை மூடியே இருக்கணுமாம்."

நோட்டீஸை வாங்கிப் பார்த்தாள். ஆங்கிலத்தில் இரண்டே வரி. ஏப்ரல் பத்து 'அன்டில்' எல்லாக் கடைகளும் மூடப்பட வேண்டும். பதினொன்றாம் தேதி தொடங்கும் வேலை இருபது 'அன்டில்' நடக்கும்.

"வேலையே பதினொண்ணாந் தேதிதான். இன்னைக்கே மூடிவச்சு, வேலை நடக்கிறப்ப திறக்கணுமா? முதல் வரியில 'பை'னு போட்டிருக்கணும்டா."

"பையா? நம்ம விக்கிற பையா?"

"இங்கிலீஷ் பை. பத்தாம் தேதிக்குள்ளன்னு அர்த்தம். அன்டில்னா பத்தாம் தேதி வரைக்கும்."

"இந்தியில ரெண்டுக்கும் 'தக்'னுதானே சொல்றோம்?"

லத்தீபாவுக்கு விஷயம் விளங்கிவிட்டது. சங்கச் செயலாளர் பிஸ்வாஸ் இந்தியில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார். கல்லூரியில் ஆங்கிலம் படித்தவள் அவள். இதை விடுவதாயில்லை. நோட்டீஸை எடுத்துக்கொண்டு நேராகச் சங்க அறைக்குப் போனாள்.

பிஸ்வாஸ் கண்ணாடியைத் துடைத்தபடி இந்தியில் சொன்னார்: "பன்னிரண்டு வருஷமா நோட்டீஸ் எழுதுறேன். இதுல தப்பே இல்ல."

அவளும் இந்தியிலேயே, அவரை அண்ணன் முறை வைத்துக் கேட்டாள். "தாதா, பத்து மணி தக் தூங்குவேன். பத்து மணி தக் ஃபாரம் குடுப்பேன். ரெண்டு தக்கும் ஒண்ணா?"

"ஒண்ணுதானே."

"தூக்கம் பத்து மணி வரைக்கும் நடந்துகிட்டே இருக்கு. அதுக்கு அன்டில். ஃபாரம் குடுக்குறது ஒரு தடவையில முடியுற காரியம். எட்டு மணிக்கும் குடுக்கலாம், ஒன்பதுக்கும் குடுக்கலாம், பத்தைத் தாண்டக் கூடாது. அதுக்கு பை. இப்போ சொல்லுங்க, பத்து வரைக்கும் மூடி வைக்கவா, பத்துக்குள்ள மூடவா?"

"பத்துக்குள்ள காலி பண்ணி மூடணும். இன்னைக்கே யார் மூடச் சொன்னா?"

"நீங்கதான். கையெழுத்தும் போட்டிருக்கீங்க."

பிஸ்வாஸ் பேனாவை எடுத்தார். முதல் வரியில் 'அன்டில்' என்பதை அடித்து 'பை' என்று எழுதினார். அதே வேகத்தில் இரண்டாவது வரிக்கும் பேனா போனது. லத்தீபா தாளின் மேல் கையை வைத்தாள்.

"அது சரியா இருக்கு தாதா. வேலை இருபது வரைக்கும் நடந்துகிட்டேதானே இருக்கும்? அங்க பை போட்டா இருபதுக்குள்ள எப்பவோ ஒரு தடவை வேலை நடக்கும்னு ஆயிடும்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அடுத்த நோட்டீஸை நீயே எழுதிக் குடுத்துடு மகளே."

"எழுதுறேன். ஆனா கீழ என் பேரும் இருக்கணும்."

அவர் சரியென்று தலையாட்டினார்.

திருத்திய தாளோடு ஷமீர் மற்ற கடைக்காரர்களின் வீடுகளுக்கு ஓடினான். பதினோரு மணிக்குள் எல்லா ஷட்டரும் மேலே போயிருந்தன. லத்தீபாவின் கடைக்கு முதலில் வந்தவள் ஷாதிபூரிலிருந்து இரட்டைப் பிள்ளைகளோடு வந்த ஒருத்தி. இருவருக்கும் அதே நீலப் பைதான் வேண்டுமாம். இருந்ததோ ஒன்றுதான். இன்னொன்றைத் தேடி லத்தீபா பரணில் ஏறினாள்.