முந்நூறாவது மாதிரி

முந்நூறாவது மாதிரி நேரில் வந்து பதிவாளர் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பதாகத் திங்கட்கிழமை காலை தகவல் வந்தது. அப்போது ஜெபக்கனி மிக்சருக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மதியம் இரண்டு மணிக்கு அவளுக்கு வாய்மொழித் தேர்வு. முனைவர் பட்டத்துக்கு அதுதான் கடைசிப் படி. ஆய்வு செய்தவர் சபை முன்னால் நின்று கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். கேட்க வந்தவர்களுக்குத் தின்னவும் ஏதாவது வாங்கி வைக்க வேண்டும். ஆறு வருட உழைப்பு எப்படியிருந்தாலும் மன்னித்துவிடுவார்கள். மிக்சர் நமுத்துப்போனால் துறையில் பத்து வருடத்துக்குப் பேசுவார்கள்.

"அம்பது பொட்டலம். கடலை கூடப் போடுங்கண்ணே," என்று சொல்லிவிட்டு போனை வைத்துக் கிளம்பினாள்.

கல்வியியல் துறையின் நடைபாதை, ஆய்வு மாணவர் ஒருவருக்கு வருடத்துக்கு ஓர் அறை வீதம் நீளும். ஜெபக்கனிக்காக மட்டும் ஆறு அறை நீண்டிருந்தது. ஆறும் காலியாகவே கிடந்தன. அதனால் பதிவாளர் அலுவலகத்துக்கு முக்கால் மணி நேரம் நடக்க வேண்டியிருந்தது.

வழியில் அவளுடைய நெறியாளர் ஆவுடையப்பன் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். மூன்றாம் வருடமே அவர் பீரோவாகிவிட்டார். நல்ல தேக்கு. அதற்காகக் கடமையில் குறை வைக்கவில்லை. தாளைக் கீழ் இழுப்பறையில் வைத்து மூடினால் மறுநாள் கையெழுத்தோடு கிடைக்கும். மனிதராக இருந்தபோது அதற்கு மூன்று மாதம் ஆகும்.

"சார், முந்நூறாவது வந்திருக்காளாம்."

சாவித் துவாரத்தின் வழியாகக் குரல் வந்தது. "மாதிரியெல்லாம் பின்னிணைப்புலதானம்மா இருக்கணும். நேர்ல எதுக்கு வாரா?"

"தெரியல சார்."

"எதையாவது பேசிக் காரியத்தக் கெடுத்துராத."

அவள் எதற்கு வந்தாள் என்று ஜெபக்கனிக்குத் தெரியாமல் இல்லை. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட பெண்பிள்ளைகளைப் பற்றியது அவளுடைய ஆய்வு. முந்நூறு பிள்ளைகள், ஒவ்வொருத்திக்கும் நாற்பத்தோரு கேள்விகள். இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது பேரை அவள் நேரில் போய்ப் பார்த்தாள். உப்பளத்தில் வரப்பில் குந்தி உட்கார்ந்து கேட்டாள். தீப்பெட்டி ஆபீஸ் வாசலில் சங்கு ஊதும்வரை காத்திருந்து கேட்டாள். ஒருத்தியின் கைக்குழந்தையை இவள் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். மற்றவர்கள் டீக்கடையில் உட்கார்ந்தே முந்நூறு படிவத்தையும் முடித்துவிடும் ஊரில், இவள் இரண்டு ஜோடிச் செருப்புத் தேய நடந்தாள். அதை நினைத்தால் அவளுக்கு மார்பு நிமிரும். நிமிரட்டும், அவளுக்கு அந்த உரிமை உண்டு.

முந்நூறாவது வீடு பூட்டிக் கிடந்தது. மழை வேறு. கடைசி நாள் வேறு. பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து அந்தப் படிவத்தை அவளே நிரப்பினாள். நாற்பது கேள்விக்கும் நடுக்கட்டத்தில் டிக் போட்டாள். அந்தக் கட்டத்தின் தலைப்பு 'நடுநிலை'. அப்படிப் போட்டால் மற்ற பிள்ளைகளின் சராசரி அசையாது என்பது புள்ளியியல் படித்தவர்களுக்கு மட்டும் தோன்றும் நேர்மை. நாற்பத்தோராவது கேள்விக்கு வாக்கியமாக எழுத வேண்டும். அதற்குள் பஸ் வந்துவிட்டது.

அலுவலக பெஞ்சில் பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். சட்டையில் 300 என்று இருந்தது. ஜெபக்கனியின் கையெழுத்துத்தான்.

கண்காணிப்பாளர் செல்லப்பா பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அவளை விசாரித்துக்கொண்டிருந்தார்.

"எங்கருந்து வார?"

"பூட்டின வீட்டுலருந்து."

"எந்த வகுப்புல நின்ன?"

"எட்டுல."

"ஏழு எங்க படிச்ச?"

"அப்ப நான் இல்ல."

ஜெபக்கனி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "உன் பேரு என்ன பிள்ள?"

"நீங்க எழுதலயே."

"சாப்பிட்டியா?"

"நடுநிலை."

ஜெபக்கனிக்கு முகம் சுட்டது. இதைவிட நாலு பேர் முன்னால் திட்டியிருக்கலாம்.

செல்லப்பா மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "மேடம், ரெண்டே வழிதான். இவ நெசம்னு எழுதிக் கொடுத்தீங்கன்னா ஆய்வேட்டோட சேத்து பைண்டிங்குக்கு அனுப்பிருவோம். கறுப்பு ரெக்சின், தங்க எழுத்து. நூலகத்துல தூசி படாம இருப்பா. இல்லன்னு எழுதிக் கொடுத்தீங்கன்னா வெள்ள மை தடவி அழிச்சிருவோம். வலிக்காது. ஆனா உங்களுக்குப் பட்டம் கெடையாது."

"மூணாவது வழி?"

"அதுக்குப் படிவம் இல்ல. ரெண்டு மணிக்குள்ள சொல்லுங்க."

இரண்டு மணிக்குச் சபை நிறைந்துவிட்டது. மிக்சர் மொறுமொறுவென்றுதான் இருந்தது. வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் முனைவர் மீனலோசனி கடலையை மட்டும் பொறுக்கித் தின்றுகொண்டே ஆய்வேட்டைப் புரட்டினார். பீரோவை நாலு பேர் தூக்கிவந்து முன்வரிசையில் வைத்தார்கள். செல்லப்பா ஒரு கையில் ரெக்சின் அட்டையும் மறு கையில் வெள்ளை மைப் புட்டியுமாகக் கதவோரம் நின்றார்.

"மாதிரியே வந்திருக்கறப்ப உங்கள ஏன் கேக்கணும்?" என்றார் மீனலோசனி. முந்நூறாவதைக் கூப்பிட்டு மேடையில் நிறுத்தினார்.

"பள்ளிக்கூடம் உனக்குப் பிடிச்சிருந்ததா?"

"நடுநிலை."

"வீட்டு வேலையால படிப்பு கெட்டதா?"

"நடுநிலை."

"டீச்சர் உன்ன அடிச்சாங்களா?"

"நடுநிலை."

நாற்பது கேள்விக்கும் அதே பதில்தான். சபையில் ஒருவர் ஒவ்வொரு பதிலையும் கணக்குப்பொறியில் போட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார். கடைசியில் எழுந்து நின்று, சராசரி ஒரு நூலும் அசையவில்லை என்று அறிவித்தார். எல்லோரும் கைதட்டினார்கள்.

"என் சர்வீஸ்ல இப்படி ஒழுங்கான மாதிரியப் பாத்ததில்ல," என்றார் மீனலோசனி. பேனாவின் மூடியைக் கழற்றினார். கையெழுத்துக்கு ஒரு விரற்கடைதான் பாக்கி. ஆறு வருடமும் அந்த விரற்கடையில் நின்றது.

பிறகு அவர் பக்கத்தைத் திருப்பினார். "நாப்பத்தோராவது கேள்வி ஒண்ணு பாக்கி இருக்கே. நீ தொடர்ந்து பள்ளிக்கூடம் வர என்ன செய்யணும்?"

பிள்ளை வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. ஜெபக்கனியைத் திரும்பிப் பார்த்தாள்.

"அக்கா, இதுல ஒண்ணும் எழுதலயே."

நடுநிலை என்று உதட்டை அசைத்துக் காட்டியிருந்தால் போதும். அன்று சாயங்காலமே அவள் முனைவர் ஜெபக்கனி. பெயர்ப்பலகைக்குக்கூட அளவு கொடுத்து வைத்திருந்தாள்.

"நீயே சொல்லு," என்றாள்.

பிள்ளை கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தாள். அவளுக்கு யோசித்துப் பழக்கமில்லை.

"மொதல்ல என்னையச் சேக்கணும்," என்றாள்.

சபையில் மிக்சர் கடிக்கும் சத்தம் நின்றது. இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது பேரிடம் கேட்டும் இந்தப் பதில் வந்ததில்லை. தன் ஆய்விலேயே இதுதான் முதல் தரமான வரி என்று ஜெபக்கனிக்குப் பட்டது. அது ஆய்வேட்டில் இல்லை. அதைச் சொன்னவள் எதிரே நின்றாள். பெற்றவளுக்குக்கூட அப்படி ஒரு பெருமை வருமா என்பது சந்தேகம்தான்.

அவள் எழுந்து நின்றாள். "அந்தப் படிவத்த நான்தான் நெரப்பினேன். வீடு பூட்டியிருந்துச்சு, பஸ் வந்துட்டு. நாப்பதும் என்னோடது. இந்த ஒண்ணு மட்டும் அவளோடது."

"அப்ப பட்டம் இல்ல," என்று மீனலோசனி பேனாவை மூடினார்.

"சரிங்க மேடம்."

செல்லப்பா வெள்ளை மைப் புட்டியைக் குலுக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "இவ இல்லன்னு ஒரு வரி எழுதிக் கொடுங்க."

"நெரப்பினது நான்னுதான் சொன்னேன். அவ இல்லன்னு சொல்லலயே."

"அதுக்குப் படிவம் இல்லன்னு காலைலயே சொன்னேன் மேடம்."

படிவம் தயாரிப்பதில் ஜெபக்கனியை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஆறு வருடம் அதைத்தானே செய்தாள். அங்கேயே உட்கார்ந்து, வருகைப்பட்டியலின் பின்பக்கத்தில் கோடு போட்டு, சேர்க்கைப் படிவம் ஒன்று எழுதினாள். வகுப்பு: எட்டு. முன்பு படித்த பள்ளி: இல்லை. பிறந்த இடம்: பஸ் நிறுத்தம். பொறுப்பாளர்: ஜெபக்கனி, எம்.எட். அந்த எம்.எட்.டை அவள் வழக்கத்தைவிடப் பெரிதாக எழுதினாள்.

பெயர் என்ற இடத்தில் பேனாவைப் பிள்ளையிடம் நீட்டினாள். அவள் வாங்கி, கையால் மறைத்துக்கொண்டு, தானே எழுதினாள்.

தாளை மடித்து ஆவுடையப்பனின் கீழ் இழுப்பறையில் வைத்தாள். மூடுவதற்கு முன்பே கையெழுத்து விழுந்திருந்தது. பச்சை மை, முத்திரையோடு.

"காரியத்தக் கெடுக்காதன்னு சொன்னேன்," என்றது சாவித் துவாரம். கொஞ்சம் பொறுத்து, "நல்லாத்தான் கெடுத்திருக்க," என்றது.

செல்லப்பா தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கோடுகள் நேராக இருந்தன. புட்டியை மூடினார்.

இருவரும் நடைபாதையில் நடந்தார்கள். ஜெபக்கனிக்காக நீண்ட ஆறு அறைகளிலும் இப்போது வகுப்பு நடந்துகொண்டிருந்தது. ஆறாவது அறைதான் எட்டாம் வகுப்பு. டீச்சர் குனிந்தபடி வருகைப்பதிவு எடுத்துக்கொண்டிருந்தார். முதல் பெயரைக் கூப்பிட்டார். பதில் இல்லை. இரண்டாவதைக் கூப்பிட்டார். ஒவ்வொரு பெயரும் ஜெபக்கனிக்குத் தெரிந்த பெயர். வாசலில் நின்று இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது பெயரையும் கேட்டாள். பெஞ்சுகள் காலியாக இருந்தன. டீச்சர் சலிக்காமல் கூப்பிட்டுக்கொண்டே போனார்.

கடைசிப் பெயரை ஜெபக்கனி அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டாள்.

"உள்ளேன் டீச்சர்," என்றாள் பிள்ளை. நடைபாதை முழுக்கக் கேட்டது.

டீச்சர் தலை நிமிர்ந்தார். "ஏன் லேட்டு?"

"வீடு பூட்டியிருந்துச்சு டீச்சர்."

"சரி, வந்து உக்காரு."

முந்நூறில் ஒன்று. சதவீதமாகப் போட்டால் புள்ளி மூன்று மூன்று. எந்த ஆய்வேட்டிலும் அதை முடிவு என்று எழுத முடியாது. ஜெபக்கனி அதை மனதுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள், அவ்வளவு பிடித்திருந்தது.

மிச்சமிருந்த மிக்சர் பொட்டலங்களைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது வீட்டுக்கும் அவளுக்கு வழி தெரியும்.