கை தூக்கியவன்

வேலூரில் அந்தக் கல்லூரி வளாகத்துக்குள்ளேயே மாணவர்கள் கூட்டுறவாக நடத்தும் இல்லம் ஒன்று இருந்தது. வார்டன் கிடையாது, சமையல்காரர் கிடையாது. பதினாறு பையன்கள் முறை வைத்துச் சமைத்தார்கள், பெருக்கினார்கள், கக்கூஸ் கழுவினார்கள். எதுவானாலும் கூட்டம் போட்டு, கை தூக்கித்தான் முடிவு.

காஷிஃபுக்கு ஆம்பூர். லீவு நாட்களில் அப்பா வேலை செய்யும் தோல் கம்பெனியில் அவனும் வேலைக்குப் போவான். அந்த உடுப்பை இல்லத்தில் துவைத்து மாடியில் காயப்போடுவான். எவ்வளவு சோப்புப் போட்டாலும் தோல் வாடை முழுசாகப் போகாது.

ஒருநாள் கூட்டத்தில் செயலாளர் ஹேமந்த் எழுந்தான். "நாத்தம் தாங்கல. காஷிஃப் துணி இனிமே மாடிக்கு வரக் கூடாது. பின்னாடி குப்பைத் தொட்டிகிட்ட கொடி கட்டிக்கட்டும். இன்னா சொல்றீங்க?"

பதினாலு கைகள் உயர்ந்தன. காஷிஃப் ஒரு கையை மட்டும்தான் பார்த்தான். நவீன்குமாரின் கை. நெமிலிக்காரன், இரண்டு வருஷமாக அறைத் தோழன். டைஃபாய்டில் அவன் கிடந்தபோது வாந்தி அள்ளியவன் காஷிஃப்.

ஏன் என்று காஷிஃப் கேட்கவில்லை. தொட்டி பக்கத்தில் கொடி கட்டினான். நவீனோடு எப்போதும் போலச் சிரித்தான், பேசினான், நோட்ஸ் கொடுத்தான்.

ஹேமந்த் படிப்பு முடித்துப் போனதும் செயலாளர் பதவிக்குக் காஷிஃப் நின்று ஜெயித்தான். முதல் வேலையாக அந்தக் கொடியை அவிழ்ப்பான் என்று எல்லோரும் நினைத்தார்கள். "கூட்டத்துல எடுத்த முடிவு, இருக்கட்டும்" என்று விட்டுவிட்டான்.

தை மாதம் நவீனின் அப்பா டிராக்டரிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டார். நெல் அறுப்புக்கு ஆளில்லை. நவீன் ஊருக்கு ஓடினான். வேலை முறையை மூன்று தரம் தவறவிட்டால் இல்லத்தில் இடம் போய்விடும். இரண்டு தரம் தவறியாயிற்று. மூன்றாவதுக்கு முதல் நாள் ஃபோன் செய்தான்.

"மச்சான், நாளைக்கு என் முறை, தண்ணி டேங்க் கழுவணும். நீ பாத்துக்கடா. வந்து உனுக்கு ரெண்டு வாட்டி பண்றேன்."

"நீ அப்பாவ கவனி. பேஜாராவாத" என்றான் காஷிஃப்.

டேங்கை அவன் கழுவவில்லை.

நவீன் திரும்பி வந்த அன்றே கூட்டம். நவீன் முறை தவறிய மூன்று தேதிகளையும் காஷிஃப் படித்தான்.

"பேஜாராவாதன்னு சொன்னியேடா!"

"சொன்னேன். கழுவுறேன்னு சொன்னனா?"

வெளியேற்றலாம் என்பவர்கள் கை தூக்கலாம் என்றான் காஷிஃப். தானே முதலில் தூக்கினான். நவீனின் முகத்தைப் பார்த்தபடி, மற்றவர்கள் ஒவ்வொருவராகத் தூக்கும்வரை இறக்கவில்லை.

அறையில் துணியை மடிக்கும்போது நவீன் அழுதுவிட்டான். "ஹேமந்த் மிரட்டினான்டா. கை தூக்கலன்னா இல்லத்துல என் இடம் போய்டும்னான். நீ ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

"தெரியும்."

"தெரியுமா?"

"அன்னிக்கே தெரியும். ஒருத்தன் மிரட்டினா நீ தூக்கிடுவ. அதான்டா எனக்கு ஆறல."

நவீன் பையைத் தூக்கிக்கொண்டு போனான். காஷிஃப் கட்டிலில் உட்கார்ந்தான். வருத்தம் வருமா என்று பார்த்தான். வரவில்லை. நெஞ்சு குளிர்ந்துதான் இருந்தது.

அதற்குப் பிறகு நவீன் நெமிலியிலிருந்து விடியலில் கிளம்பி, பஸ் மாறி மாறி வகுப்புக்கு வந்தான். பல நாள் பெஞ்சிலேயே தூங்கிப்போனான். ஒரு காலை வருகைப் பதிவில் பேராசிரியர் அவன் பெயரை இரண்டு முறை கூப்பிட்டார். அவன் மேசையில் தலை சாய்ந்து கிடந்தான். பக்கத்து இடத்தில் காஷிஃப். முழங்கையால் ஓர் இடி போதும்.

காஷிஃப் நோட்டைத் திறந்து அன்றைய தேதியை எழுதினான். பேராசிரியர் அடுத்த பெயருக்குப் போனார்.