இரவல் ஆட்டக்காரி

1

இதை நான் கதையாக எழுத உட்காரவில்லை. சாஃப்ட்பால் சங்கத்தார் தங்கள் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை கேட்டார்கள். "நம் கிர்கிஸ்தானில் சாஃப்ட்பால் இன்று வேகமாக வளர்ந்து" என்று ஆரம்பித்தேன். வாக்கியம் அதற்கு மேல் நகர மறுத்தது. மொத்தமே மூன்று பெண்கள் அணிகள் இருக்கிற நாட்டில் எது வேகமாக வளர்கிறது? காரா-பால்தாவில் எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் அந்தப் பெண்கள் ஆடும்போது, போகிறவர் வருகிறவரெல்லாம் கேட்பது ஒன்றுதான்: "இது லாப்தாதானே?"

(லாப்தா, பள்ளிக்கூடத்தில் கட்டையும் பந்துமாக எல்லோரும் ஆடியது. அது வேறு, இது வேறு என்று சொல்லிச் சொல்லிப் பெண்களுக்கு வாய் வலித்துவிட்டது. இப்போதெல்லாம் "ஆமாம்" என்று சொல்லி ஆளை அனுப்பிவிடுகிறார்கள்.)

கட்டுரையைக் கிழித்துப் போட்டேன். போன மே மாதம் நடந்ததைச் சொல்கிறேன்.

2

முதல் தொடக்கம்: "ஜிபாரின் கை இடுப்புக்குக் கீழிருந்து சுழன்று" வேண்டாம். விளையாட்டுக் கதை என்றால் எல்லோரும் இப்படித்தான் தொடங்குகிறார்கள்.

இரண்டாவது தொடக்கம், சாணம். இது பரவாயில்லை.

அந்த மைதானம் உண்மையில் கோக்-போரு ஆடும் குதிரைக்காரர்களுடையது. சனிக்கிழமை அவர்கள் செத்த ஆடு ஒன்றைப் பந்தாக வைத்துக் குதிரைமேல் அடித்துப் பிடித்துவிட்டுப் போனால், ஞாயிறு காலை பெண்கள் சாணம் அள்ளிவிட்டுத்தான் கோடு போட வேண்டும். அன்றைக்கும் அள்ளினார்கள். தேசியப் போட்டியின் இறுதி ஆட்டம், டோக்மோக் அணியோடு. ஜெயிக்கிறவர்களுக்குத் தாஷ்கண்ட் பயணம், அண்டை நாட்டு அணிகளோடு ஆட.

சாணத்தை அள்ளியவர்கள் குளம்புக் குழிகளை மூடவில்லை. ஆட்டத்துக்கு முன் உடம்பைச் சூடாக்க ஓடிய டோக்மோக் பெண் ஒருத்தி அப்படியொரு குழியில் கால் வைத்தாள். கணுக்கால் வீங்கிவிட்டது. அவர்கள் வந்திருந்ததே ஒன்பது பேர். எட்டுப் பேரோடு ஆட்டத்தைத் தொடங்கக் கூடாது என்பது விதி. ஆடாமலே காரா-பால்தா ஜெயித்தாயிற்று.

3

பயிற்சியாளர் ஜெனிஷை எல்லோரும் அண்ணன் முறையில் பைகே என்பார்கள். அவருக்கு முகமெல்லாம் பல்.

"பொண்ணுங்களா, மூட்டையக் கட்டுங்க! தாஷ்கண்ட்ல பிலாவ் காத்துக்கிட்டிருக்கு!"

ஜிபார் அணித்தலைவி, பந்து வீசுபவள். மருந்துக்கடையில் வேலை. யாருக்கும் அடங்காத வாய்.

"எதுக்கு பைகே? குழி தோண்டி ஜெயிச்சதுக்கா?"

"நானா தோண்டினேன்? குதிரை தோண்டிச்சு."

"குளிர்காலம் பூரா மல்யுத்தக் கூடத்துல, அந்த வேர்வை நாத்தத்துல பழகினோமே, உக்காந்த இடத்துலயே ஜெயிக்கவா? வருஷத்துக்கு நமக்குக் கிடைக்கிற ஆட்டமே விரல் விட்டு எண்ணுற அளவுதான்."

"அதுக்கு என்னை என்ன செய்யச் சொல்ற?"

"நாம பத்துப் பேரு. ஒருத்திய அவங்களுக்குக் குடுப்போம்."

எல்லோரும் பெஞ்சைப் பார்த்தார்கள். பெஞ்சில் புருல்.

[இங்கேதான் எனக்குத் தயக்கம். பேருந்து நிலையத்தில் மாமாவோடு சம்சா சுடுகிறவள், முழங்கை வரை அடுப்புத் தழும்பு, எப்போதும் பத்தாவது ஆள். பாவப்பட்ட பெண்ணாக எழுதிவிடலாம், எழுதிப் பார்த்தேன். ஆனால் அன்று அவள் பேசியது அப்படி இல்லை.]

"நான் என்ன கோக்-போரு ஆடா, ஆளுக்கு ஆள் தூக்கிக் குடுக்க?" என்றாள் புருல்.

"ஆடணுமா, பெஞ்சைத் தேய்க்கணுமா?" என்றாள் ஜிபார்.

"ஆடினா நெசமாத்தான் ஆடுவேன். அப்புறம் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கக் கூடாது."

"வெச்சுக்கிட்டா ஏன்னு கேளு."

டோக்மோக்கின் தலைவி சைகலுக்குச் சந்தேகம். "உங்க ஆளு உங்களுக்காகத்தானே ஆடுவா? எங்களைப் பார்த்தா ஏமாளி மாதிரி இருக்கா?"

புருல் சட்டையைக் கழற்றி, ஊர்ப் பெயர் தெரியாதபடி உள்பக்கம் வெளியே வர மாட்டிக்கொண்டு அவர்கள் வரிசையில் போய் நின்றாள். இரு அணிக்கும் சம்மதம் என்பதால் நடுவரும் சரி என்றார்.

4

ஆட்டத்தை முழுக்கச் சொல்லப்போவதில்லை. நான் கோட்டுக்குப் பின்னால் முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். கடைசிச் சுற்றில் இரண்டு பக்கமும் சமம், மட்டை டோக்மோக்கின் கையில். அவர்களில் இருவர் அவுட். ஒருத்தி மூன்றாம் தளத்தில் நிற்கிறாள், அடிக்கிற இடமான 'வீட்டுக்கு' ஓடி வந்து சேர்ந்தால் ஆட்டம் முடிந்தது. அடிக்க வந்தவள் புருல்.

அப்போதுதான் ஜெனிஷ் தலையில் கை வைத்தார். "ஐயோ, ஜிபார் பந்தை இந்த நாட்டுல இவளை விட யாருக்குத் தெரியும்!"

உண்மை. குளிர்காலம் முழுக்க ஜிபார் வீசிப் பழக, எதிரே மட்டையோடு நின்றவள் புருல்தான். மெதுப்பந்து வீசுமுன் ஜிபார் கீழுதட்டைக் கடிப்பாள். அதைக் கண்டுபிடித்து அவளிடமே சொல்லிச் சிரித்தவளும் புருல்தான்.

இரண்டு வேகப்பந்துகளைப் புருல் தவறவிட்டாள். இன்னொன்று தவறினால் அவுட். ஜிபார் உதட்டைக் கடித்தாள். நான் பார்த்தேன்.

பந்து மெதுவாக வந்தது. புருல் காத்திருந்து அடித்தாள்.

5

டோக்மோக் ஜெயித்தது.

(ஜிபார் விட்டுக்கொடுத்தாள் என்று ஒரு பிரதி எழுதினேன், அதில் அவள் தேவதையாகிவிட்டாள். களைப்பில் மறந்து கடித்தாள் என்று இன்னொன்று, அது நம்பும்படி இருந்தது, ஆனால் சப்பென்று இருந்தது. கடித்து ஏமாற்றிவிட்டு வேகமாக வீச நினைத்தாள், கை வழுக்கியது என்பது மூன்றாவது. இதைப் படித்த என் கணவர் "ரொம்ப யோசிக்காதே, பந்துதானே" என்றார்.)

ஜெனிஷ் தளங்களைப் பிடுங்கி வண்டியில் எறிந்தார். எங்கள் பெண்கள் புருலைத் திரும்பிப் பார்க்கவில்லை. சைகல்தான் வந்தாள். "எங்க பொண்ணுக்குக் கால் சரியாக நாளாகும். தாஷ்கண்டுக்கு வர்றியா?"

புருல் ஜிபாரைப் பார்த்தாள்.

"என்னை ஏன் பார்க்கிற? போ. உஸ்பெக்காரிங்க எப்படி வீசுறாங்கன்னு நல்லாப் பார்த்துட்டு வா," என்றாள் ஜிபார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை.

தாஷ்கண்டில் எல்லா ஆட்டத்திலும் அடி வாங்கித் திரும்பினார்கள். புருல் ஒரே ஒரு முறை தளத்தை எட்டினாளாம். அதை அவள் மாமா சம்சா வாங்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார், என்ன தளம் என்று அவருக்கும் தெரியாது, கேட்பவர்களுக்கும் தெரியாது. எங்கள் அணியில் ஒருத்தி, "காட்டிக்கொடுத்தவளோட ஆட மாட்டேன்" என்று விலகிவிட்டாள். இப்போது புருலையும் சேர்த்துச் சரியாக ஒன்பது பேர். வளர்ச்சி என்று தொடங்கினேனே, எங்கள் ஊர்க் கணக்கில் அது இதுதான்.

6

இதை முடிக்க வழி தெரியாமல் மருந்துக்கடைக்குப் போனேன். அங்கே ஜிபாருக்கு நான் எஜே, அதாவது அக்கா.

"வாங்க எஜே. தலைவலிக்கு மாத்திரை வேணுமா, இல்ல எனக்குத் தலைவலி குடுக்க வந்தீங்களா?"

"அந்தக் கடைசிப் பந்து, ஜிபார்."

"நீங்க என்னன்னு எழுதியிருக்கீங்க?"

"இன்னும் எழுதல."

"அப்படியே விடுங்க. படிக்கிறவங்க முடிவு பண்ணட்டும்."

"அவங்க இந்த ஆட்டத்தையே பார்த்ததில்லையே, அக்கா பேச்சைக் கேட்டு ஒரு வார்த்தை சொல்லேன்."

"பார்த்ததில்லன்னா வந்து பார்க்கச் சொல்லுங்க," என்று சொல்லிவிட்டு, பின்னால் நின்றவருக்கு இருமல் மருந்து எடுக்கத் திரும்பிக்கொண்டாள்.

சொல்லிவிட்டேன். ஞாயிறு காலை, எங்கள் குடியிருப்புக்குப் பின்னால். ஜிபார் வீசுவாள், புருல் எதிரே நிற்பாள். இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு முடிவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், அந்தப் பந்தை அவள்... வேண்டாம், நான் சொல்லப்போவதில்லை.