தெரிந்து தொட்டது

பதினான்காவது நிமிடத்தில் கார் அந்தரத்தில் நின்றது. திரை முழுக்கப் பச்சையும் ஊதாவுமாகக் கட்டங்கள் சிதறின. பிறகு நீலம், பிறகு ஒன்றுமில்லை.

"நின்னுபோச்சு தங்கச்சி," என்றார் ஹமீது சுல்தான், கீபோர்டிலிருந்து கையை எடுக்காமலே. பெரியபட்டினத்துக்காரர். சவுதியில் பன்னிரண்டு வருடமாக டிரெய்லர் ஓட்டுகிறவர், லீவில் வந்தால் பஸ் ஏறி ராமநாதபுரம் வந்து இந்த நெட் சென்டரில் பந்தயக் கார் ஓட்டுவார். "அங்கன எம்பதத் தாண்டுனா ஃபைன் போடுவான். இங்கன யாரு கேக்கப்போறா?" என்பார்.

செவ்வந்தி கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒரு தாளில் பதினான்கு என்று குறித்தாள்.

கடைக்காரர் உக்கிரபாண்டி எழுந்து வந்தார். கடலாடிப் பக்கம் மிளகாய்க் காடு உள்ளவர். செவ்வந்தியின் அம்மா பூமயில் அந்தக் காட்டில்தான் மிளகாய்ப் பழம் எடுக்கப் போகிறாள். அந்தப் பழக்கத்தில்தான் ஹார்டுவேர் டிப்ளமா முடித்த மகளுக்கு இங்கே டைப் அடிக்கும் வேலை கிடைத்தது. கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டால் மதுரை மெக்கானிக் வந்து சேர மூன்று நாளாகும். இவள் மூன்று மணி நேரத்தில் எழுப்பிவிடுவாள். அப்படியே ரிப்பேர் மேசையும் திருப்புளியும் இவளுடையதாகிவிட்டன. ஏழு மாதமாயிற்று. காலையில் அந்த மேசைக்கு வரும்போது தன் நடையே வேறாக இருப்பதை அவள் கவனித்திருக்கிறாள்.

"போன வியாழக்கெழம அந்தக் கிராபிக்ஸ் கார்டக் கழட்டித் தேச்சியே, அன்னைக்குப் புடிச்சது சனியன்," என்றார் உக்கிரபாண்டி.

"உப்புக் காத்துல முனை கறுத்திருந்துச்சு சார். ரப்பர் போட்டுத் தேச்சேன். அதுக்கு முன்னாடியே நிக்க ஆரம்பிச்சிருச்சு."

"ஆமாப்பா," என்றார் ஹமீது சுல்தான். "நோம்புப் பெருநாளைக்கு வந்தப்பவே அரை மணி நேரத்துல நின்னுச்சு. ஆட்டம் அம்புட்டுத்தான்னு நெனச்சு எந்திரிச்சுப் போயிட்டேன்."

"நீ சும்மா இருப்பா சுல்தானு." உக்கிரபாண்டி அவள் பக்கம் திரும்பினார். "நாளைக்கு மதுரைக்காரன் வாரான். இனிமே மெஷின அவன் பாத்துக்கிருவான். நீ டைப் மட்டும் அடி. உங்க ஆத்தா மொகத்துக்காகத்தான் வேலைய விட்டு எடுக்கல."

சாப்பாடு கொண்டுவந்திருந்த அவர் மனைவி சோணையம்மாள் டிபன் கேரியரைக் கீழே வைத்தாள். "இரும்பா இருந்தாலும் அதுக்கும் சுத்தபத்தம் வேணும்ல. அன்னைக்கு எந்த நெலமையில தொட்டாளோ."

கடையில் எல்லாரும் அவரவர் திரையைப் பார்த்தார்கள்.

இல்லம்மா, அன்னைக்கு நான் சுத்தமாத்தான் இருந்தேன் என்று சொல்ல வாய்வரை வந்துவிட்டது. அது உண்மையும்கூட. ஆனால் அதைச் சொன்னால் அடுத்த மாதமும் நாள் சொல்ல வேண்டியிருக்கும். திருப்புளியைத் தொடுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் இந்தம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். செவ்வந்தி வாயை மூடிக்கொண்டாள். அவளை அதிகம் சுட்டது சோணையம்மாளின் பேச்சுகூட இல்லை. வியாழக்கிழமையிலிருந்தே அவளுக்குள் ஒரு குரல், நீ அழுத்தித் தேய்த்ததில்தான் போயிருக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் குற்றம் சொல்வதற்கு முன்பே அவள் அதை ஒத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அவள்மேலேயே கோபம் வந்தது.

"ரெண்டு மணி நேரம் ஆகும் சார்," என்றாள். குடுங்க என்று கேட்காமல் ஆகும் என்று சொன்னது தனக்கே புதிதாக இருந்தது.

அவர் பதில் சொல்வதற்குள் கம்ப்யூட்டரை மறுபடி போட்டாள். "ஓட்டுங்கண்ணே."

இந்தத் தடவை நான்கே நிமிடத்தில் நின்றது. அணைத்து அரை மணி நேரம் ஆறப்போட்டாள். ஹமீது சுல்தான் டீ குடித்துவிட்டு வந்து ஓட்டினார். பன்னிரண்டு நிமிடம். கார்டை இயக்கும் டிரைவர் சாஃப்ட்வேரைப் போன வாரமே மாற்றிவிட்டாள். கார்டை வேறு மெஷினில் மாட்டியபோது அதிலும் நின்றது. ஆகக் கோளாறு கார்டில்தான்; அதுவும் ஆறவிட்டால் அதிக நேரம் ஓடவிடுகிற கோளாறு. கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி, டேபிள் ஃபேனை இழுத்து உள்ளே பார்க்க வைத்தாள். கார் நாற்பது நிமிடம் ஓடியது.

"சூடு சார்," என்றாள்.

"கார்டுலதான் காத்தாடி இருக்கே. அது சுத்துதே."

சுத்தத்தான் செய்தது. அதை நம்பித்தான் அவளும் ஏமாந்திருக்கிறாள். பையிலிருந்து காலையில் வாங்கிய பஸ் டிக்கெட்டை எடுத்து, கார்டிலிருந்து காற்று வெளியேற வேண்டிய பக்கத்தில் பிடித்தாள். காத்தாடி இரைந்து சுற்றியது. டிக்கெட் அசையவில்லை.

கம்ப்யூட்டரை அணைத்து, கார்டைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"ஏ புள்ள, அந்த மூடிய எடுத்தா சீல் கிழிஞ்சிரும். கேரண்டி போயிரும்."

"நான் கெடுத்ததுன்னா கேரண்டி ஏற்கெனவே போச்சுல்ல சார்."

ஹமீது சுல்தான் குனிந்து சிரித்தார். உக்கிரபாண்டி அவரை முறைத்தார்.

சீல் கிழிந்தது. நான்கு சின்ன ஸ்க்ரூக்களைக் கழற்றி மூடியை எடுத்தாள். உள்ளே அலுமினியத் தகடுகள் வரிசையாக, இடைவெளி விட்டு இருக்க வேண்டும். இடைவெளி எதுவுமில்லை. கம்பளித் துணியைத் திணித்ததுபோல் கரும்பழுப்பாய் அடைந்து கிடந்தது. வெறும் தூசி என்றால் பிரஷ் பட்டதும் உதிரும். இது பிசினாய் ஒட்டியது. ஹேர்பின்னால் கொஞ்சம் சுரண்டி எடுத்து மோந்தாள்.

அவளுக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் பின்னை ஹமீது சுல்தானிடம் நீட்டினாள். "இது என்ன வாடைண்ணே?"

"தர்காவுல அடிக்கிற வாடை," என்றார் அவர் யோசிக்காமல். "சாம்பிராணி."

எல்லாரும் சுவரில் இருந்த சாமி படத்தைப் பார்த்தார்கள். படத்துக்கு நேர் கீழே, இருப்பதிலேயே புதியதும் விலை கூடியதும் என்பதால், இந்த ஒன்றாம் நம்பர் மெஷின்தான் இருந்தது. செவ்வாயும் வெள்ளியும் சாயந்திரம் சோணையம்மாள் புகை காட்டிவிட்டு, தூபக்காலை அதன் பக்கத்தில்தான் வைப்பாள். புகை மெஷினுக்குள் நன்றாகப் போகட்டும் என்று துளையுள்ள பக்கமாகவே நகர்த்தி வைப்பாள். ஆறு மாதமாகக் காத்தாடி அதை இழுத்து இழுத்துக் குடித்திருக்கிறது. புகைப் பிசின் படிய, அதன்மேல் தூசி ஒட்ட, அதன்மேல் மறுபடி பிசின்.

"சாமி புகையக் கொற சொல்ற அளவுக்கு ஆயிட்டா," என்றாள் சோணையம்மாள். கேரியரை எடுத்துக்கொண்டு வெளியே இறங்கிவிட்டாள்.

செவ்வந்தி ஸ்பிரிட்டில் பல் பிரஷை நனைத்து ஒவ்வொரு தகடாகத் தேய்த்தாள். இடுக்குகளில் நூலை விட்டு இழுத்தாள். சிப்பின்மேல் காய்ந்து பொரிந்திருந்த, சூட்டைக் கடத்தும் பேஸ்ட்டை வழித்துவிட்டுப் புதிது தடவினாள்.

கார்டைத் திரும்ப மாட்டி, பக்கத் தகட்டை மூடி, டேபிள் ஃபேனைத் தள்ளி வைத்துவிட்டு மெஷினைப் போட்டாள். பதினான்கு நிமிடம் கடந்தது. நாற்பதும் கடந்தது. ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு ஹமீது சுல்தான் தானாகவே நிறுத்தினார். "அல்ஹம்துலில்லா. இதுக்கு மேல எனக்குத்தான் சூடு ஏறும்."

அவர் போனபிறகு உக்கிரபாண்டி நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரே உட்கார்ந்தார். குரல் தணிந்திருந்தது.

"சரி, ஓடிருச்சு. மதுரைக்காரன வர வேண்டாம்னு சொல்லிருதேன். அவ சாயந்திரம் வருவா. தெரியாமத் தொட்டுட்டேம்மான்னு ஒரு வார்த்த சொல்லிப்புடு. அவ மனசு ஆறிப்போகும். நீ பாட்டுக்கு வேலையப் பாரு."

ஒரே ஒரு வார்த்தை. பூமயில் அதை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்வாள். தெரியாம மிதிச்சிட்டேன் தாயீ, தெரியாமப் பறிச்சிட்டேன் தாயீ. தெரியாது என்று சொல்லிவிட்டால் ஏச்சு அதோடு நின்றுவிடும். ஆனால் செவ்வந்தி இரண்டு வருடம் பஸ்ஸில் நின்றுகொண்டே போய்ப் படித்தது தெரிந்துகொள்ளத்தான். எந்த முனை கறுக்கும், எதைக் கொண்டு தேய்க்க வேண்டும், எவ்வளவு அழுத்தலாம் என்பதெல்லாம் தெரிந்துதான் வியாழக்கிழமை அந்தக் கார்டைக் கையில் எடுத்தாள். அதைப் போய் எப்படித் தெரியாது என்று சொல்வது?

"நான் தெரிஞ்சுதான் தொட்டேன் சார்."

"அது எனக்குத் தெரியாதா? பேச்சுக்குச் சொல்லச் சொல்றேன்."

"பேச்சுக்கும் சொல்ல மாட்டேன். தூபக்கால வாசல்ல வைக்கச் சொல்லுங்க. இல்லன்னா ஆறு மாசத்துல திரும்பவும் நிக்கும்."

"உங்க ஆத்தா எங்க காட்டுலதான் நிக்கிறா. நெனப்பிருக்கா?"

"இருக்கு சார். எங்காத்தா செஞ்ச வேலைக்குக் கூலி வாங்குது. நானும் அப்படித்தான்."

சாயந்திரம் வீட்டில் பூமயில் என்ன சொல்வாள் என்பது அவளுக்குத் தெரியும். அழுவாள். அழட்டும். அதையும் பார்த்துக்கொள்ளலாம்.

போ என்று சொல்ல உக்கிரபாண்டி வாய் திறந்ததை அவள் கவனித்தாள். அந்த நேரம் பார்த்துப் பின்னால், இரண்டாம் நம்பர் மெஷினில் உட்கார்ந்திருந்த ஆள், "அண்ணே, இதுவும் தெணறுதுண்ணே," என்றார். உக்கிரபாண்டி வாயை மூடிக்கொண்டார்.

யாரும் சொல்வதற்கு முன்பே செவ்வந்தி எழுந்து போனாள். "எந்திரிச்சு அங்கன போய் உக்காருங்கண்ணே," என்று அந்த ஆளிடம் சொன்னாள். பிளக்கைப் பிடுங்கி, கேபினெட்டை மேசைமேல் தூக்கி வைத்து, முதல் ஸ்க்ரூவைத் திருக ஆரம்பித்தாள்.