எந்த ஊரும் இல்லாத குரல்

மதியம் சாப்பிட்டுக் கையைக் கழுவினால் எனக்கு இங்கிலாந்தில் விடிந்துவிடும். மன்னார்குடிக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து, அந்த நாட்டுக்காரர்களின் வெந்நீர் பாய்லர் புகார்களைக் கேட்பது என் வேலை. ஜன்னலுக்கு வெளியே கதிர் முற்றிய வயல், காதுக்குள் யாரோ ஒருவர் வீட்டுக் குளிர். இரண்டுக்கும் நடுவே பாதித் தூக்கத்தில் மிதப்பது மாதிரியே பொழுது போகும்.

இங்கிலீஷ் ஒன்றுதான் என்று பள்ளிக்கூடத்தில் ஏமாற்றிவிட்டார்கள். ஸ்காட்லாந்துக்காரர் ரகரத்தை நாக்கில் உருட்டி உருட்டிப் பேசுவார். லிவர்பூல்காரருக்குத் தொண்டையில் எப்போதும் ஏதோ அடைத்திருக்கும். நியூகாசில் பெண்மணி திட்டினால்கூட எனக்குத் தாலாட்டாகத்தான் கேட்கும். கண்ணை மூடிக்கொண்டால் போதும், பார்க்காத ஊர்கள் ஒவ்வொன்றாக என்னைக் கடந்து போகும்.

பயிற்சியின்போது எங்கள் டீம் லீடர் தங்கமணி சார் ஒன்று சொன்னார். எந்த ஊர்ப் பேச்சு இனிமை என்று அங்கே கேட்டால், பர்மிங்ஹாம் பேச்சைக் கடைசியில் தள்ளிவிடுவார்களாம். வாயைத் திறந்ததுமே ஆள் மந்தம் என்று முடிவு கட்டிவிடுவார்களாம். எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வந்தன. சென்னையில் ஒரு இன்டர்வியூவில் நான் ஒரு வரி பேசி முடிப்பதற்குள் "எந்த ஊரும்மா?" என்று கேட்டுச் சிரித்தார்களே, அவர்களுக்கு அங்கேயும் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள் போலும்.

தை மாதம் பர்மிங்ஹாமிலிருந்து ரெஜினால்ட் என்ற பெரியவர் கூப்பிட்டார். "வீடு சில்லுன்னு கிடக்கும்மா. பாய்லரெல்லாம் என் வீட்டுக்காரிதான் பாத்துக்குவா. நேத்துதான் அவள அடக்கம் பண்ணிட்டு வந்தோம்." அவர் பேசியது இங்கிலீஷ்தான். என் காதில் இப்படித்தான் விழுந்தது. ஒவ்வொரு வாக்கியமும் சரிந்து சரிந்து தரையில் போய் உட்கார்ந்தது. எந்தப் பட்டனை அழுத்த வேண்டும் என்று நிதானமாகச் சொல்லிக்கொடுத்தேன். "ஆங், எரியுதும்மா" என்றார். நான் போனை வைத்துவிட்டேன்.

ஆமாம், ஒரு வார்த்தை சொல்லாமல் வைத்துவிட்டேன். துக்க வீட்டில் போய்ட்டு வர்றேன் என்று சொல்லிக்கொண்டா கிளம்புவோம்? எழுந்து பேசாமல் நடந்துவிட வேண்டியதுதான். கை தானாக அதைச் செய்துவிட்டது.

தங்கமணி சார் வறுத்தெடுத்துவிட்டார். "நன்றி கூட சொல்லாம கட் பண்ணியிருக்கீங்க. இன்னொரு தப்பு நடந்தா என்னால காப்பாத்த முடியாது, சுடர்விழி."

அந்த வாரமே கம்பெனி எங்கள் எல்லோருக்கும் வாய்ஸ் ஃபில்டர் போட்டது. நான் என் வாயால்தான் பேசுவேன். அங்கே போய்ச் சேரும்போது அதில் மன்னார்குடி இருக்காது. எந்த ஊரிலும் பிறக்காத ஒருத்தி பேசுவாள். அதை அணைத்தால் வேலை போய்விடும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். இந்த வேலை வந்த பிறகுதான் அப்பா அடுத்தவர் வயலில் சேறு மிதிப்பதை நிறுத்தியிருக்கிறார். அதனால் நானும் அவளுக்கு இடம் விட்டு ஒதுங்கிக்கொண்டேன். வாடிக்கையாளர்கள் அவளைப் புகழ்ந்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

அறுப்பு நடந்துகொண்டிருந்த ஒரு மதியம் ரெஜினால்ட் மறுபடி கூப்பிட்டார். அன்றைக்குப் பேசிய பெண்தான் வேண்டும் என்று அடம்பிடித்ததால் அழைப்பை என்னிடம் திருப்பிவிட்டிருந்தார்கள்.

"நான்தான் சார் அன்னைக்குப் பேசினது" என்றேன்.

"நீ இல்லம்மா. அந்தப் பொண்ணு குரல் ஏறி ஏறி இறங்கும்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "புகார் பண்ண வரல. ஏன் பட்டுனு போன வச்சுதுன்னு கேக்கணும், அவ்வளவுதான். என் பேச்சக் கேட்டா ஆளுங்க முகம் சுளிப்பாங்க. சின்ன வயசுலேர்ந்து பழகினதுதான். அன்னைக்கு மட்டும் தாங்கல."

அந்த ஊரில்லாதவள் எத்தனை சத்தியம் செய்தாலும் அவர் நம்பப்போவதில்லை. அப்பாவின் முகம் கண்முன்னால் வந்தது. பாழும் மனசு கேட்கவில்லை. ஃபில்டரை அணைத்தேன்.

"சார், நான்தான். உங்க பேச்சு எனக்குப் பிடிச்சிருந்துச்சு. எங்க ஊர்ல துக்க வீட்டுலேர்ந்து சொல்லிக்காமத்தான் கிளம்புவோம். சொல்லிட்டுக் கிளம்பினா, இன்னொரு துக்கத்துக்கு வர்றேன்னு ஆயிடும். உங்களுக்கு அது வேணாம்னுதான் சார்."

வயலில் அறுவடை மெஷின் வரப்போரம் போய்த் திரும்பியது. ஃபில்டரை அணைத்தது அதற்குள் தெரிந்துவிட்டது போல, திரையில் தங்கமணி சாரின் பெயர் சிவப்பாக மினுக்க ஆரம்பித்தது.

"அவ பேரு டோரீன்" என்றார் ரெஜினால்ட். "நான் அழுதுடுவேன்னு இங்க யாருமே அவ பேரச் சொல்ல மாட்டேங்கறாங்க. நீ சொல்லும்மா. உன் குரல்ல."

"டோரீன்" என்றேன். எங்கள் ஊர் ரகரத்தோடுதான் வந்தது.

அவர் அழுதாரா சிரித்தாரா தெரியவில்லை. "இன்னொரு தடவை" என்றார்.

சிவப்பு மினுக்கிக்கொண்டே இருந்தது. அவர் போதும் என்று சொல்லும்வரை அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.